திரும்பி வந்த சரக்குச் சீட்டு

கோதண்டபாணியின் பீங்கான் கம்பெனி வாசலில் காலையிலிருந்து ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. லோடு ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. டிரைவர் டீக்கடைக்கும் லாரிக்குமாக நடந்து சலித்து, கடைசியில் லாரியின் நிழலிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார். உள்ளே இருந்தவை சாம்பிராணிக் கிண்ணங்கள். அரபு நாட்டு வீடுகளில் அகில் துண்டைப் போட்டுப் புகைப்பார்களே, அந்தக் கிண்ணங்கள்.

சரக்கு தயார். வண்டி தயார். துறைமுகத்தில் கப்பலும் தயார். தயாராகாதது ஒன்றே ஒன்றுதான்: துபாயில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரின் மனசு.

கிண்ணங்களை வாங்கும் துபாய் வியாபாரி காகிதச் சீட்டைத் தொடமாட்டான். என்ன சரக்கு, எத்தனை, யார் அனுப்புகிறார்கள் என்பதையெல்லாம் எக்ஸ்.எம்.எல். என்கிற வடிவத்தில் கோப்பாக்கி இணையத்தில் அனுப்ப வேண்டும். அங்கே ஒரு இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. அதன் கையில் ஸ்கீமா என்று ஒரு விதிப்பட்டியல். முதலில் அனுப்புகிறவர் பெயர், அடுத்தது பொருள், அதற்கடுத்தது எண்ணிக்கை என்று எது எங்கே எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கோப்பு அதற்கு ஒத்துப்போனால் இயந்திரம் ஒரு அனுமதி எண் கொடுக்கும். ஒரு இம்மி பிசகினாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். அந்த எண் இல்லாத பெட்டியைத் துறைமுகத்தில் உள்ளே விடமாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் லாரி கிளம்பவில்லை என்றால் கப்பல் போய்விடும். கப்பல் போனால் ஆர்டரும் போய்விடும்.

அந்தக் கோப்போடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள் காவியா. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் விருத்தாசலத்துக்கு வருகிற பெண். கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இந்த ஆர்டரை எடுக்கலாம் என்று சொன்னவளும் அவள்தான். "கம்ப்யூட்டர் வேலைய நான் பார்த்துக்கறேன் மொதலாளி" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அதோடு நிற்கவில்லை. தீபாவளிக்குப் பிறகு வேலை இல்லை என்று நிறுத்தப்பட்டிருந்த பேக்கிங் பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்து வந்ததும் அவள்தான். அவர்களில் ஒருத்தியான மாரியம்மாள், கையில் இருந்த கீரைக்கட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே வந்தாள்.

"இது நின்னு போச்சுன்னா அவங்கள மறுபடி வூட்டுக்குப் போகச் சொல்றது நீதான். என்னால முடியாது, எனக்கு மனசு கேக்காது" என்று கோதண்டபாணி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். சில முதலாளிகளுக்கு மனசு இருப்பது இப்படிப்பட்ட நேரங்களில்தான் தெரியவரும்.

இயந்திரம் முதல்முறை கோப்பைத் திருப்பி அனுப்பியபோது காரணம் சொல்லியிருந்தது. தேதியில் ஆண்டு முன்னால் வர வேண்டுமாம். காவியா மாற்றினாள். இரண்டாம் முறை எண்ணிக்கையில் குற்றம் கண்டது. பீங்கான் வேலையில் வழியில் உடையக்கூடும் என்று பெட்டிக்கு இரண்டு மூன்று உருப்படி கூடுதலாக வைப்பது வழக்கம். நேர்மையான பெண் ஆகையால் காவியா அதையும் சேர்த்து, "உடைசலுக்குத் தனி" என்று எழுதியிருந்தாள். இயந்திரத்துக்கு எண் மட்டும்தான் வேண்டும். கொசுறு என்கிற நல்ல பழக்கம் அதன் ஸ்கீமாவில் இல்லை. அவள் அந்தச் சொற்களை நீக்கினாள். கூடுதல் கிண்ணங்கள் சொல்லாமல் செய்த தர்மமாகப் பெட்டிக்குள் இருந்துகொண்டன.

மூன்றாம் முறையிலிருந்துதான் சனியன் பிடித்தது. இயந்திரம் காரணம் சொல்வதை நிறுத்திக்கொண்டது. "ஆவணம் விதிமுறைக்கு ஒத்துவரவில்லை" என்று ஒரே ஒரு ஆங்கில வாக்கியம். எந்த வரி, எந்த இடம், ஒன்றும் கிடையாது.

காவியா சும்மா இருக்கவில்லை. இணையத்தில் கோப்பைச் சோதித்துச் சொல்லும் இலவசத் தளம் ஒன்று உண்டு. கோப்பில் < என்கிற முதல் கோணக்குறியிலிருந்து > என்கிற கடைசிக் கோணக்குறி வரை நகலெடுத்து, துபாய்க்காரன் கொடுத்த ஸ்கீமாவோடு சேர்த்து அதில் ஒட்டினாள். எல்லாம் சரி என்று பச்சை விளக்குக் காட்டியது. அதே கோப்பை துபாய்க்கு அனுப்பினாள். சிவப்பு. மறுபடி தளத்தில் ஒட்டினாள். பச்சை.

"ஒருவேளை துபாய்ல இருக்கறதுதான் கெட்டுப்போச்சோ என்னமோ" என்றார் கோதண்டபாணி. அவருக்கு அது பிடித்த விளக்கமாக இருந்தது.

சென்னையிலிருந்து திருமால் என்கிற ஆலோசகரை ஏற்கெனவே வரவழைத்திருந்தார். அவர் ஏ.சி. காரில் வந்து, ஜங்ஷன் அருகில் நல்ல ஓட்டல் எது என்று முதலில் விசாரித்துக்கொண்டு, பிறகு காவியாவின் திரையைக் கோப்பின் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஸ்கீமா வேலிடேஷன்ல இஷ்யூ சார்" என்றார்.

"அது எனக்கும் தெரியுதுங்க, அங்கயே எழுதியிருக்குதே" என்றாள் காவியா.

"இல்லம்மா, உங்க சிஸ்டமே பழசு. மொத்தத்தையும் கிளவுடுக்கு மாத்தணும். அப்பதான் தெளிவா தெரியும் எது இஷ்யூன்னு."

"எத்தினி நாள் ஆவும்?" என்று கேட்டார் கோதண்டபாணி.

"ரெண்டு குவார்ட்டர்ல முடிச்சிடலாம் சார்."

குவார்ட்டர் என்றால் கால் ஆண்டு என்று காவியா விளக்கியபின், கோதண்டபாணி வாசலில் நிற்கும் லாரியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஆலோசகருக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். மோர் குடித்துவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

பேக்கிங் கொட்டகையிலிருந்து மாரியம்மாள் வந்து நிலைப்படியில் நின்றாள். "ஏம்மா காவியா, கொளஞ்சியப்பர் கோயில்ல ஒரு பிராது கட்டிட்டு வந்துடவா? பஸ்ஸு புடிச்சா அரை மணியில போயிட்டு வந்துடுவேன்."

"கம்ப்யூட்டர் மேலயா பிராது கட்டுவீங்க?"

"ஏன், போன வருசம் எம் மருமவன் மேலயே கட்டினேன். வழிக்கு வந்தானா இல்லியா?"

கொளஞ்சியப்பர் சந்நிதியில் மனக்குறையைத் தாளில் எழுதி, பெயர் ஊர் எல்லாம் போட்டு, வேலில் கட்டிவிட்டு வருவது இந்தப் பக்கத்து வழக்கம். அங்கேயும் முறைப்படிதான் எழுத வேண்டும். ஆனால் ஊர்ப் பெயரை முன்னால் எழுதிவிட்டார்கள் என்பதற்காகச் சாமி எந்தப் பிராதையும் திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை. காவியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபின் அழுகையும் வந்தது. இந்த அம்மாளிடம் போய் நாளையிலிருந்து வேலை இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

அவள் மறுபடியும் துபாய்க்கு போன் போட்டாள். உதவிக்கென்று ஒரு எண் இருந்தது. ஒவ்வொரு முறையும் சங்கீதம் கேட்டுக் காத்திருந்தபின் ஒரே ஆள்தான் எடுத்தான். பேர் ஆஷ் என்று ஆங்கிலத்தில் சொல்வான். "தங்கள் ஆவணத்தை ஸ்கீமாவோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள், மேடம்" என்பான். எந்த வரியில் தவறு என்று கேட்டால், "அது உள் தகவல், வாடிக்கையாளரிடம் பகிரக்கூடாது" என்பான். பேசி முடித்த கையோடு மின்னஞ்சல் வரும்: "தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. நன்றி."

இதற்கு முன் பேசியபோதெல்லாம் கோதண்டபாணி பக்கத்திலேயே நின்று, ஸ்பீக்கரில் வரும் குரலைப் பார்த்துத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தார். "கேட்டதுக்குப் பதில் சொல்றானா பாரு! எருமை மாட்டுக்கு வெள்ளையடிச்சு நாற்காலியில உக்கார வச்ச மாதிரி! இவன் வூட்டுல இவன்கிட்ட உப்பு எங்கன்னு கேட்டாக்கூட உள் தகவல்னுதான் சொல்லுவான்!" பாஷை தெரியாதவனைத் திட்டுவதில் பாவம் இல்லை என்பது அவர் எண்ணம்.

இந்த முறையும் ஆஷ் எடுத்தான். அதே வாக்கியத்தைத் தொடங்கினான். நடுவில் இருமல் வந்தது. தொண்டை காய்ந்த இருமல். மன்னிப்புக் கேட்டான். மறுபடி தொடங்கினான். மறுபடியும் இருமினான்.

"வேணும் அவனுக்கு" என்று ஆரம்பித்தார் கோதண்டபாணி. "பொய் சொல்ற தொண்டை..."

காவியா திரும்பிப் பார்த்தாள். அவள் முதலாளியிடம் அதுவரை குரலை உயர்த்தியதில்லை, இப்போதும் உயர்த்தவில்லை. "மொதலாளி, செத்த சும்மா இருங்க. இது நோன்பு மாசம். அங்க வெயிலு வேற. அந்தாளு எச்சியக்கூட முழுங்காம காலையிலேர்ந்து எல்லார்கிட்டயும் திட்டு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்காரு போல. பாவம், அவருக்கு மேல இருக்கறவன் சொல்லிக் குடுத்ததத்தான் சொல்றாரு. நம்ம கோவத்த அவரு மேல எறக்கி என்னா ஆவப்போவுது?"

பிறகு போனில் ஆங்கிலத்தில், "அவசரமில்லை சார், சற்று ஓய்வெடுத்துக்கொண்டு பேசுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றாள். அவசரம் இல்லை என்று சொன்னபோது வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

மறுமுனையில் இருமல் அடங்கியது.

"நீங்க எந்த ஊருங்க?" என்றது குரல். தமிழில்.

கோதண்டபாணி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"விருத்தாசலங்க" என்றாள் காவியா.

"எனக்குப் பரங்கிப்பேட்டைங்க. பேரு முகம்மது அஷ்ஃபாக். இங்க ஆஷ்னு சொல்லணும்னு ஆர்டரு. தமிழ்ல பேசக்கூடாதுங்கறதும் ஆர்டருதான்."

"அப்ப... நாங்க பேசுனது எல்லாம்..." என்றார் கோதண்டபாணி, ஈனக் குரலில்.

"கேட்டுச்சுங்க. எருமைக்கு வெள்ளையடிச்சது நல்லா இருந்துச்சு." குரலில் சிரிப்பு இருந்தது. "இங்க எல்லாரும் இங்கிலீசுலதான் திட்டுவாங்க. ஊர்த் திட்டு கேட்டு ரொம்ப நாளாச்சு."

கோதண்டபாணி தன் இரு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். போனில் அது தெரியாது என்று அவருக்குத் தோன்றவில்லை.

"அக்கா, எங்க தப்புன்னு என் ஸ்கிரீன்ல தெரியுதுக்கா. ஆனா நான் சொல்லக்கூடாது. சொன்னா ரெக்கார்டுல மாட்டிக்குவேன்" என்றான் அஷ்ஃபாக். "அதே நேரம் நீங்க அனுப்பின கோப்ப நீங்களே எனக்கு வாசிச்சுக் காட்டக்கூடாதுன்னு எந்த ரூலும் இல்ல. மேலேர்ந்து வாசிங்க, பாப்போம்."

காவியா கோப்பைத் திறந்தாள். "கோணக்குறி, கேள்விக்குறி, எக்ஸ்.எம்.எல்..."

"அதுக்கு மேல என்னாக்கா இருக்குது?"

"அதுக்கு மேல ஒன்னும் இல்லீங்களே. அதான் மொத வரி."

"நல்லாப் பாருங்க."

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "ஒன்னும் இல்லீங்க. பிள்ளையார் சுழி இருக்குது, அவ்வளவுதான். அது எப்பவும் இருக்கறதுதானே."

மறுமுனை மௌனமாக இருந்தது. இருமல்கூட இல்லை.

"சுழிதானா!" என்று காவியா மெல்ல நாற்காலியில் சாய்ந்தாள்.

கம்பெனி தொடங்கிய நாள்தொட்டு, அங்கிருந்து வெளியே போகும் எந்தத் தாளும் பிள்ளையார் சுழி இல்லாமல் போனதில்லை. கேட் பாஸ், ரசீது, கொட்டகைச் சுவரில் ஒட்டும் "புகை பிடிக்காதீர்" கூட அப்படித்தான். கம்ப்யூட்டர் வாங்கியபோது, பில் போடும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவனிடம் கோதண்டபாணி ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்: இதிலிருந்து எது வெளியே வந்தாலும் தலையில் உ இருக்க வேண்டும். அவனும் பயபக்தியோடு அப்படியே செய்துவிட்டான். பில்லென்றும் எக்ஸ்.எம்.எல். என்றும் அந்தப் புரோகிராமுக்குப் பேதம் இல்லை. கோப்பை நகலெடுத்த ஒவ்வொரு முறையும் காவியா தன்னையறியாமல் சுழியை விட்டுவிட்டுத்தான் எடுத்திருக்கிறாள், கோலத்தை மிதிக்காமல் நடப்பதுபோல. அதனால்தான் சோதனைத் தளத்தில் பச்சை. ஆலோசகர் திருமாலும் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். கிளவுடு வரைக்கும் போன அவர் கண்ணும் அந்த எழுத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறது. அது அவர்களுக்கெல்லாம் எழுத்தே அல்ல, தாளின் ஒரு பகுதி. துபாய் இயந்திரத்துக்கு மட்டும்தான் அது எழுத்து. தேதிக்கும் எண்ணிக்கைக்கும் போல அதற்குச் சொல்லக் காரணம் எதுவும் பட்டியலில் இல்லாததால்தான் இயந்திரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

"எங்க மாமா கடை பில்லு தலையில பிஸ்மில்லாவுக்காக 786 போட்டு இதே மாதிரி மாட்டிக்கிட்டாங்கக்கா" என்றான் அஷ்ஃபாக். "அதான் பாத்த ஒடனே புரிஞ்சுது. எடுத்துட்டு அனுப்புங்க, போயிரும்."

காவியாவின் விரல் அந்த எழுத்தின் மேல் போய் நின்றது.

"தொடாத!" என்றார் கோதண்டபாணி.

ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "எங்கப்பாரு காலத்திலேர்ந்து இந்தக் கம்பெனியில ஒரு துண்டுக் காகிதம் சுழி போடாம போனதில்ல. கடலு தாண்டிப் போற மொத சரக்கு. அதுல போய்ப் பிள்ளையார அழிச்சிட்டு அனுப்பச் சொல்றியா?"

"மொதலாளி, லாரி..."

"லாரி நிக்கட்டும். கப்பலு போவட்டும். எனக்கு மனசு ஒப்பல."

இவ்வளவு நேரம் இயந்திரத்தின் பிடிவாதத்தோடு மல்லுக்கு நின்றவளுக்கு, இப்போது மனிதப் பிடிவாதம். கோதண்டபாணியைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய பக்தி நிஜமானது. ஆனால் கொட்டகையில் வைக்கோலைக் கூட்டிக்கொண்டிருக்கும் மாரியம்மாளின் வேலையைக் காவு கேட்கிற பக்தியைப் பிள்ளையார் ஏற்றுக்கொள்வாரா என்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை. காவியா அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. சொல்லியிருந்தால் அவர் இன்னும் இறுகியிருப்பார்.

"ஐயா" என்றது போன். "அழிக்க வேணாங்க. ஒரு வழி இருக்குது. கோப்புல கமெண்ட்டுன்னு ஒரு எடம் வச்சுக்கலாம். ரெண்டு பக்கமும் ஒரு குறி போட்டு உள்ள என்னா எழுதினாலும் மெசினு படிக்காது, தாண்டிப் போயிரும். சுழிய அதுக்குள்ள வச்சிருங்க."

"மெசினு படிக்காதுன்னா அப்பறம் யாரு படிப்பா?"

"யாருக்கு எழுதறீங்களோ அவரு படிப்பாருங்க" என்றான் அஷ்ஃபாக்.

கோதண்டபாணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "சரி, போடு" என்று காவியாவிடம் சொன்னார். அவள் போட்டாள். அவர் குனிந்து பார்த்தார். பார்த்ததும் மறுபடி நிமிர்ந்தார்.

"ரெண்டாவது வரியில இருக்காரே?"

"மொத வரியில எக்ஸ்.எம்.எல்.னு இருக்கறது தலைவாசல் மாதிரிங்க மொதலாளி. அதுக்கு மேல எதுவும் வரக்கூடாது."

"பிள்ளையாருக்கு மேல ஒன்னா? ஊர்ல எவனாவது கேட்டா சிரிக்க மாட்டான்?"

காவியாவுக்கு என்ன தோன்றியதோ, திரும்பிக் கோயில் இருக்கும் திசையைக் கையால் காட்டினாள். "ஏன் மொதலாளி, பழமலைநாதர் கோயில்ல ஆழத்துப் பிள்ளையார் எங்க இருக்காரு? நம்ம எல்லாரும் படி எறங்கிக் கீழ போய்த்தானே கும்புட்டுட்டு வரோம்? போன வாரம் மாசி மகத்துக்கு நீங்களும் எறங்கினீங்க. அவ்ளோ ஆழத்துல உக்காந்துகிட்டு ஊரையே பார்த்துக்கறவரு, ஒரே ஒரு வரி கீழ எறங்குனா கோவிச்சுக்குவாரா?"

கோதண்டபாணி திரையைப் பார்த்தார். கோயில் திசையைப் பார்த்தார். சட்டென்று சிரித்துவிட்டார். ஆள் சிரித்து வாரக்கணக்காகியிருந்தது.

"நம்ம ஊரு பிள்ளையாருக்கு எறங்கி உக்கார்றது பழக்கம்தான்" என்றார். "அனுப்பு."

அவள் அனுப்பினாள். சிவப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் எதுவுமே வரவில்லை. பிறகு பச்சையில் ஒரு நீண்ட எண் வந்தது. கோதண்டபாணி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரையில் விபூதி ஒட்டியது. காவியா எண்ணை டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வெளியே ஓடி அவரை எழுப்பினாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது லாரி உறுமிக்கொண்டு கிளம்பி, ரயில்வே கேட் பக்கம் திரும்பி மறைந்தது.

உள்ளே வந்தால் போன் துண்டிக்கப்பட்டிருந்தது. கூடவே அந்த மின்னஞ்சல்: "தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது." முதல் முறையாக அது உண்மை சொல்லியிருந்தது.

"அந்தத் தம்பிக்கு நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லலியே" என்றார் கோதண்டபாணி. "மன்னிப்பும் கேக்கல. மறுபடி போடு."

"நோன்போட இருக்கறவர மறுபடி பேச வைக்க வேணாம் மொதலாளி. எழுத்துல அனுப்பலாம்." காவியா துபாய்க்காரனின் தளத்தைத் திறந்தாள். எந்த வகைச் செய்தி என்று அது கேட்டது. புகார், தாமதம், சேதம், பணப் பாக்கி. நான்குதான். நன்றிக்கு இடம் இல்லை. அந்த ஸ்கீமாவை எழுதியவர்களுக்கு, எவராவது நன்றி சொல்ல வருவார்கள் என்று தோன்றியிருக்கவில்லை.

"புகார்னே போடு" என்றார் கோதண்டபாணி. "உள்ள நல்லதா எழுதிக்கலாம். ஆனா ரெக்கார்டுல மாட்டிக்குவேன்னு சொன்னானே அந்தப் புள்ள, தமிழ்ல பேசினதையெல்லாம் எழுதிப்புடாத."

எவ்வளவு அவசரம் என்று கேட்டதற்கு "மிக அவசரம்" என்று சொல்லச் சொன்னார். ஆஷ் என்பவர் பொறுமையாக உதவினார், அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று காவியா ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ஆழ்ந்து வருந்துவதாக இயந்திரம் சொல்லியது.

மாரியம்மாள் கை கழுவி, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள். மற்றப் பெண்கள் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். லாரி போன சத்தம் அவர்களுக்கும் கேட்டிருந்தது. ஆனாலும் வாயால் சொல்லிக் கேட்டால்தானே நம்பிக்கை.

"நாளைக்கு வரணுமாம்மா?" என்றாள்.

காவியா முதலாளியைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் தேடுவதுபோல மேஜையைத் துழாவிக்கொண்டே, "சொல்லு, நீயே சொல்லு. அழைச்சிட்டு வந்தவ நீதானே" என்றார்.

"வரணும்க்கா" என்றாள் காவியா. "சீக்கிரமே வரணும்."